வண்டி அடுப்பு

1

இந்தக் கதை என் மனதில் தானாக முளைத்ததல்ல. ஒருவர் கேட்டார், ஒப்புக்கொண்டேன். ஒரு பத்திரிகையின் கோடைச் சிறப்பிதழுக்காகக் குணசீலன் போன் செய்தார். அங்கே கதைகளைப் பார்க்கும் உதவி ஆசிரியர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற மனிதர் என்பதால் அவர்மீது கோபப்படுவது கொஞ்சம் சிரமம்.

"மேடம், ஒரு கணவன் மனைவி. ஒரு கடற்கரை. பழைய வீட்டுல ரூம் வாடகைக்கு விட்டு, காலைல டிபனும் குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி ஒரு இடம். ரெண்டு நாள் தங்கறாங்க. படிக்கறவங்களுக்கு இதமா இருக்கணும்."

"என்ன நடக்கணும்?"

"ஒண்ணும் நடக்க வேண்டாம் மேடம். ஓய்வு எடுக்கறாங்க. நோய், சாவு, மாமியார் எதுவும் வேண்டாம். உங்களுக்கு எப்பவும் கதைக்குள்ள கோபம் வந்துடுது. இந்த ஒரு தடவை மட்டும்..."

சரி என்றேன். கோபம் வராமல் என்னாலும் எழுத முடியும் என்று காட்டவேண்டும் என்ற கோபத்தில்தான் சரி என்றேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சேலத்துக்காரி. அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் மலைதான் தெரியும். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கடல் என்பது ஓய்வெடுக்கிற இடமல்ல, காரியமாகப் போகிற இடம். திதி கொடுக்க ராமேஸ்வரம், வேண்டுதலுக்கு வேளாங்கண்ணி. சும்மா போய் உட்காருவதற்கு ஏற்காடு இருக்கிறது. அங்கேயும் புளிசாதம் கட்டிக்கொண்டுதான் போவோம். அந்தப் புளிசாதத்தை யார் கட்டுவது என்று இதுவரை எந்தக் கோடைச் சிறப்பிதழும் கேட்டதில்லை.

பாருங்கள், ஆரம்பித்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம் இது:

மாலை வெயில் அலைகளின் மேல் பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தபோது அக்சிலியாவும் வின்சென்ட்டும் கைகோத்தபடி

[நிறுத்தினேன். இவர்கள் ஊரான சங்ககிரியில் இந்த வயதுக்காரர்கள் கைகோத்து நடந்து நான் பார்த்ததில்லை. அவர் முன்னால் போவார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாள். பொன்னை உருக்குவதும் வேண்டாம்.]

இப்படித் தொடங்கினால் இவர்கள் யார் என்று உங்களுக்கு ஒன்றும் தெரியாது. நேராகவே சொல்கிறேன். வின்சென்ட் சங்ககிரியில் லாரி டிரைவர். லாங் ரூட். கிளம்பினால் நாக்பூர், குவாஹாத்தி என்று சுற்றிவிட்டு மாதக் கடைசியில்தான் வீடு வருவார். அக்சிலியா அவர் மனைவி. வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். அவர்களுக்கு ஒரே மகள் சோபியா, ஓசூரில் வேலை. பெற்றோரின் வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்குக் கோயிலில் பூசை வைத்தால் மட்டும் போதாது என்று சொல்லி, தரங்கம்பாடியில் கடலோரம் ஒரு வீட்டில் இரண்டு நாளைக்கு அறை பதிவு செய்துவிட்டாள்.

"தரங்கம்பாடின்னா வேளாங்கண்ணிக்குப் பக்கமா சாமி?" என்று அக்சிலியா போனில் கேட்டாள். மகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவாள்.

"வேளாங்கண்ணி இல்லம்மா. சும்மா போய் இருந்துட்டு வாங்க."

"சும்மா போயி என்ன பண்றது?"

இந்தக் கேள்வியை அவள் கேட்டபோதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவள் கடலைப் பார்த்ததெல்லாம் பங்குக் கோயில் வேனில் வேளாங்கண்ணிக்குப் போய்த்தான். விடுதியின் மொட்டைமாடியில் வேன் மொத்தத்துக்கும் தக்காளி சாதம் கிளறியபடி, கைப்பிடிச் சுவருக்கு மேலே தெரிந்த கடலைப் பார்த்திருக்கிறாள்.

ஒரு பாத்திரத்தைப் படைத்ததும் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடுவது என் வழக்கம். அக்சிலியா தையல் மெஷினை நிறுத்தினாள். தைத்த துணியில் தொங்கிய நூலைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு நாளைக்கு என்ன ஆக்கறதுன்னு ரோசனை பண்ணாம இருக்கோணுங்க."

இந்தக் கதையில் ஜெயிக்க வேண்டியது அவ்வளவுதான். இரண்டு நாள், அவள் சமைக்காத சோறு. இதைக்கூட ஒரு பெண்ணுக்கு வாங்கிக் கொடுக்க முடியாவிட்டால் நான் எதற்குக் கதை எழுத வேண்டும் என்று வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

[வின்சென்ட்டை 'அவர்' என்றும் அக்சிலியாவை 'அவள்' என்றும் எழுதுகிறேன், கவனித்தீர்களா. கை தானாக அப்படி எழுதுகிறது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.]

3

இரண்டாவது வரைவில் அவர்களைப் பழைய ஆம்னி வேனில் தரங்கம்பாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். தூண் வைத்த தாழ்வாரம், நீலச் சன்னல், மாடியில் ஒரே அறை, அறைக்கு வெளியே மொட்டைமாடி, எதிரே கடல். வீட்டை நடத்துகிற பெண்ணுக்குச் சௌந்தர்யா என்று பெயர். காலைச் சாப்பாடு அவள் தருவாள். மற்ற வேளைக்கு வெளியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

"மறுநாள் காலை அக்சிலியா நன்றாக விடியும்வரை தூங்கினாள்" என்று எழுதிவிட்டு, டீ போட எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால் அவள் கீழே சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள்.

"வைங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள் சௌந்தர்யா.

"இருக்கட்டுங்க. சும்மாதான இருக்கேன்."

எழுதியதை அடித்துவிட்டேன். மூன்றாவது வரைவில் சமையலறைக்குப் பூட்டுப் போட்டேன். சௌந்தர்யா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். எந்த விடுதியிலும் இப்படிச் செய்வார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் எழுதுகிறவளுக்கு என்று ஏதோ ஓர் அதிகாரம் இருக்கத்தானே வேண்டும்.

அக்சிலியா பூட்டிய கதவருகே வந்து நின்றாள். "கொஞ்சம் சுடுதண்ணி கெடைக்குமுங்களா? அவருக்கு எந்திரிச்சதும் வேணும்."

"ரூம்லயே கெட்டில் இருக்குக்கா. சார் பட்டனை அழுத்தினா போதும்."

மாடிப்படியில் நின்ற வின்சென்ட் வாய்விட்டுச் சிரித்தார். "எனக்குச் சுடுதண்ணி வெக்கக்கூடத் தெரியாதுங்கம்மா. எல்லாம் இவதான்."

அக்சிலியாவும் சிரித்தாள். சௌந்தர்யாவும் சிரித்தாள். நம் ஊரில் இதைச் சொல்கிற ஆணும் வெட்கப்படுவதில்லை, கேட்கிறவர்களும் சிரிக்காமல் இருப்பதில்லை. பட்டனை அழுத்தத் தெரியாதவர் கையில் பதினாறு சக்கர வண்டியைக் கொடுத்திருக்கிறார்களே என்று யாருக்கும் பயம் வருவதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குக் கடைவீதியில் நல்ல ஓட்டல் இருக்கிறது என்று சௌந்தர்யாவைச் சொல்ல வைத்தேன். வின்சென்ட் முகத்தைச் சுளித்தார்.

"ஓட்டல் வேண்டாம் புள்ள. ரோட்டுல ஓட்டல் சோறு தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சு."

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு முறை வண்டியை விட்டு இறங்கும்போதும் அவர் சொல்கிற வாக்கியம் இது. இதைக் கேட்டதும் அக்சிலியா காய்ச்சலோடு படுத்திருந்தாலும் எழுந்துவிடுவாள். பாவம், எத்தனை நாளாயிற்றோ வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு என்று அம்மியைக் கழுவி மிளகு சீரகம் அரைப்பாள். இன்றும் எழுந்தாள்.

"கீழ பூட்டியிருந்தா என்னுங்க. ஆம்னில வண்டி அடுப்பு கெடக்குதல்ல. மீன் வாங்கியாங்க, மாடில வெச்சு ஆக்கிப்போடறேன்."

இந்த அடுப்பு என் திட்டத்தில் இல்லை. நான் பூட்டுப் போட்டால் அவள் அடுப்போடு வந்து நிற்கிறாள். எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். பிடிபட்டது. வின்சென்ட்டுக்கு இந்த இரண்டு நாள் ஓய்வு கிடைத்ததே வண்டி எஃப்.சி.க்குப் போயிருப்பதால்தான். தகுதிச் சான்று வாங்குவதற்கு முன் பட்டறையில் விட்டுத் தட்டி, ஒட்டி, பெயின்ட் அடிப்பார்கள். அப்போது டிரைவர் கேபினைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். படுக்கை, சாமி படம், தண்ணீர்க் கேன், சின்ன சிலிண்டர், அடுப்பு, பாத்திரப் பெட்டி எல்லாவற்றையும் அவர் ஆம்னியின் பின்பக்கம் போட்டு வைத்திருந்தார். வீட்டில் இறக்கி வைக்கவில்லை. லாரிக்காரர்கள் வண்டிச் சாமானை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை.

அடுப்பு சரியாகத்தான் வந்திருக்கிறது. அடிக்க மனம் வரவில்லை.

4

வின்சென்ட் கரைக்கு நடந்துபோய் மீன் வாங்கினார். செவுளைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றை விரலால் அழுத்தினார். ஒன்றைத் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார்.

[இந்த வரியை நான் சும்மா அழகுக்காக எழுதினேன். நீங்கள் அதற்குள் சந்தேகப்பட்டிருப்பீர்கள்.]

அந்த நேரத்தில் அக்சிலியா மொட்டைமாடியில் பாத்திரப் பெட்டியைத் திறந்தாள். அதற்கு முன்பு அவள் அதைத் திறந்ததே இல்லை. சோறு வடிக்கிற குண்டான், அடி கனத்த வாணலி, எண்ணெய்ப் புட்டி. ஒரு அஞ்சறைப்பெட்டி. அதில் கடுகு, வெந்தயம், சோம்பு, மல்லித்தூள், மிளகாய்த்தூள் எல்லாம் ததும்ப இருந்தன. மல்லித்தூளைக் கிள்ளி முகர்ந்தாள். வறுத்து அரைத்தது, கடையில் வாங்கியதல்ல. செய்தித்தாளில் மடித்த காய்ந்த கறிவேப்பிலை. ஒரு சின்னத் தேங்காய்த் துருவி.

கடைசியாக ஒரு கத்தி. தீட்டித் தீட்டி இலை மாதிரி மெலிந்துபோயிருந்தது. கைப்பிடியில் நீல இன்சுலேஷன் டேப்பை நெருக்கமாகச் சுற்றி, முனையை உள்ளே மடித்து ஒட்டியிருந்தது. வீட்டில் வின்சென்ட்டின் மூக்குக்கண்ணாடிக் காலில் இதே நீல டேப்தான், இதே மடிப்புத்தான். அவருடைய குடைக் காம்பிலும் போன் சார்ஜரிலும்கூட.

வண்டியில் சமைப்பது கிளீனர் என்றுதான் அக்சிலியா நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்து எழுதிக்கொண்டிருந்தேன். கத்தியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற இடத்தில் நானும் பேனாவை வைத்துவிட்டேன். அவரோடு வண்டியில் கிளீனர் எங்கே இருக்கிறான்? அந்த வேலைக்கு ஆள் வருவது எப்போதோ நின்றுபோயிற்று.

மீன் பையோடு வின்சென்ட் படியேறி வந்தார்.

"ஏனுங்க, கிளீனர் நின்னு ரொம்ப வருசமாச்சில்லீங்க?"

"ஆமா. இப்ப எவன் வாரான் அந்த வேலைக்கு."

"அப்பறம் வண்டில ஆருங்க சோறாக்கறது?"

வின்சென்ட் மீன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "ஆரு ஆக்கறது. நாந்தான்."

"ஓட்டல் சோறும்பீங்களே."

"எப்பவாச்சும் அதும் திங்கறதுதான்."

"நல்லா ஆக்குவீங்களா?"

இங்கே அவர் கொஞ்சம் தாழ்த்திச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். முடியவில்லை, பெருமை முந்திக்கொண்டது. "நம்ம கைப்பக்குவம் லைன்ல தெரியாத டிரைவர் இல்ல புள்ள. நம்ம வண்டி நிக்கறத பாத்தா அவனவன் தட்டத் தூக்கிட்டு வந்துருவான். கறிக்கொழம்புன்னா குவாஹாத்தி வரைக்கும்..."

நிறுத்திக்கொண்டார்.

5

அக்சிலியா அஞ்சறைப்பெட்டியை மூடினாள். சத்தம் வராமல்தான் மூடினாள். நான் இரண்டு தடவை சத்தம் வர மூட வைத்துப் பார்த்தேன், அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப நீங்க ஊட்டுலதான இருந்தீங்க."

"இருந்தனே. மூணு வேளையும் மெஸ்ல வாங்கியாந்து குடுத்தனே."

"குடுத்தீங்க. காரம் தாங்காம நானே எந்திரிச்சு ரசம் வெச்சேன். தையல் பிரிஞ்சு திரும்ப ஆசுபத்திரிக்குப் போனம்." அவள் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அன்னிக்கு நீங்க கதவோரமா நின்னு, 'எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் வெச்சிருக்க மாட்டனா'ன்னு அழுதீங்க. நாந்தானுங்க உங்களத் தேத்துனேன்."

குணசீலன், நோய் வேண்டாம் என்றீர்கள். நான் கொண்டுவரவில்லை. அது அவள் வயிற்றிலேயே தழும்பாக இருந்தது.

இனிமேல் 'அவர்' கிடையாது. இதுவரை போட்ட மரியாதை போதும். சமைக்கத் தெரியாதவனை நான் மன்னித்துவிடுவேன். கற்றுக்கொடுக்காமல் வளர்த்தார்கள் என்று அவனுக்காகப் பரிந்துகூடப் பேசுவேன். இவனுக்குத் தெரியும். முன்பின் தெரியாத டிரைவர்களுக்கெல்லாம் ரோட்டோரத்தில் குந்தவைத்து மல்லி வறுத்து அரைத்துப் போட்டிருக்கிறான். சங்ககிரி எல்லைக்குள் வண்டி நுழைந்ததும் மறந்துவிடுகிறான். தையல் போட்ட வயிற்றோடு கட்டியவள் அடுப்படியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, தெரியாது என்று அழ அவனுக்குக் கண்ணீரும் வந்திருக்கிறது.

அவன் கெட்டவனா? இல்லை. குடிப்பதில்லை, அடிப்பதில்லை, சம்பாதித்ததை அவளிடம்தான் கொடுக்கிறான், ஊரில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறுவதில்லை. கெட்டவனாக இருந்தால் எனக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். வில்லனை யாரும் திருத்தலாம். நல்லவனை என்ன செய்வது?

[அக்சிலியா இன்னும் 'ங்க' போட்டுத்தான் பேசுகிறாள். அதை எடுத்துவிட நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.]

6

வின்சென்ட் மீன் பையைப் பார்த்தபடியே சொன்னான்:

"நீ ஆக்கறத சாப்பிடத்தான் புள்ள நான் ஊட்டுக்கே வாரேன்."

இந்த வரிவரைக்கும் எழுதியதைக் குணசீலனுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"மேடம், பிரமாதம். கண்ணு கலங்கிடுச்சு. இதோட முடிச்சிடுங்க. இந்த வரியப் பெரிய எழுத்துல பக்கத்துக்கு நடுவுல கட்டம் கட்டிப் போட்டுடலாம்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கட்டம் கட்டுவார்களாம். இந்த வரியை அவன் பொய்யாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. உண்மையாகவே அவள் கைச்சோற்றுக்காகத்தான் அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு வருகிறான். பெண்களைப் பாராட்டி நம்மிடம் இப்படி எத்தனையோ நல்ல வரிகள் இருக்கின்றன. அம்மா கைமணம் என்கிறோம், அவள் கை பட்டாலே ருசி என்கிறோம். பாராட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறோம். பாராட்டப்பட்டவள் நின்றுகொண்டு பரிமாறுகிறாள்.

"இல்லங்க, அடுத்து ஒரு வரி இருக்கு" என்றேன்.

"அது வேண்டாமே மேடம். இதமா இருக்கு, கெடுத்துடாதீங்க."

இதமாக இருக்கிறது. யாருக்கு? அந்த வரி இதோ. அக்சிலியா அவனைப் பார்த்துக் கேட்டாள், குரலை உயர்த்தாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல:

"அப்ப நான் சாப்பிட எந்த ஊட்டுக்குப் போறதுங்க?"

7

இந்தக் கேள்வியோடு கதையை விட முடியாது. எனவே முடிவை நான்தான் தேட வேண்டும். சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

குணசீலனுக்குப் பிடிக்கக்கூடிய முடிவு: வின்சென்ட் மீன் குழம்பு வைக்கிறான். அவள் ஒரு வாய் சாப்பிடுகிறாள், கண் நிறைகிறது, இருவரும் கடலைப் பார்க்கிறார்கள். முடியாது. இருபத்தைந்து வருடத்தை ஒரு வாய்ச் சோற்றில் கழுவிவிட நான் விடமாட்டேன்.

என் முடிவு: அக்சிலியா பையை எடுத்துக்கொண்டு தனியாக வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறிவிடுகிறாள். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. அவளைப் பஸ் நிறுத்தம்வரை கூட்டிக்கொண்டும் போனேன். பாதி வழியில் நின்றுவிட்டாள். "எம்புள்ள எனக்குன்னு போட்டுக் குடுத்த ரூமுங்க. நான் எதுக்கு உட்டுட்டுப் போறது?" என்றாள். அவள் பையை வாங்கிக்கொண்டு நானும் திரும்பி நடந்தேன்.

இன்னொன்று: அவள் எதையும் சொல்லாமல் அவன் கையிலிருந்து மீனை வாங்கி

இதை முடிக்கவில்லை. ஏனென்றால் இதுதான் நடக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதாமல் விட்டால் நடக்காது என்று ஒரு நம்பிக்கை.

8

ஆகவே கடைசியாக எழுதியது இவ்வளவுதான்.

அக்சிலியா பிரம்பு நாற்காலியைக் கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "பசிக்குதுங்க" என்றாள்.

வின்சென்ட் மீன் பையைத் தரையில் வைத்தான். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நீல டேப் சுற்றிய கத்தி மீன் மேல் சரசரவென்று போய்வந்தது. செதிலும் குடலும் தனியாக ஒரு தாளில் ஒதுங்கின. புளியை ஊறப் போட்டான். சின்ன வெங்காயத்தைப் பார்க்காமலே நறுக்கினான். எண்ணெய் காய்ந்ததும் வெந்தயம் போட்டு, அது சிவக்கிற சரியான நொடியில் கறிவேப்பிலை போட்டான். கை ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த வாசனையை அக்சிலியா இழுத்து முகர்ந்தாள். நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்க வேண்டாமே என்று அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் திரும்பவில்லை. அலை வந்து போய்க்கொண்டிருந்தது. மடியில் இரண்டு கையும் சும்மா கிடந்தன. அந்தக் கைகளை அப்படி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

குழம்பு கொதித்தது. அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. வின்சென்ட்டின் குரல்தான். ஆனால் ஒன்றும் தெரியாதவனின் குரல், குழந்தைக் குரல்.

"ஏம்புள்ள, உப்பு எவ்வளவு போடறது?"

குவாஹாத்தி வரை யாரைக் கேட்டுப் போட்டான் இவன்?

அக்சிலியாவின் வலது கை மடியிலிருந்து எழுந்து நாற்காலியின் கைப்பிடியை

[இங்கே நிறுத்திவிட்டேன். இதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் அவள் எழுந்துவிடுவாள்.]

சமையலறையைப் பூட்டினேன், சாவியை ஒளித்தேன், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான். இப்போது அந்த மொட்டைமாடியில் அவர்களைத் தவிர நீங்கள் மட்டும்தான் நிற்கிறீர்கள். அவன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான். உப்பு எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.